ஸ்கூல் மெடிக்கல் செக்கப்புல குடுத்த சீட்டை வச்சு என்ன பண்ணனும்: சென்னைப் பெத்தவங்களுக்கு முழு வழிகாட்டி

கார்ப்பரேஷன் ஸ்கூல்லயோ எய்டட் ஸ்கூல்லயோ பிள்ளை படிச்சா வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் டீம் ஸ்கூலுக்கே வந்து பாத்துட்டுப் போவாங்க, இது நிறைய பேருக்குத் தெரியும். ஏதாவது பிரச்சனைன்னா ஆஸ்பத்திரியில போய்க் காட்டுங்கன்னு ஒரு ரெஃபரல் சீட்டு எழுதிக் குடுப்பாங்க, அதுவும் தெரியும். ஆனா அந்தச் சீட்டு பையிலயே கசங்கி ரஃப் நோட்டுக்கு நடுவுல கிடந்து, அடுத்த வருஷம் டீம் வந்து அதே பிள்ளைக்கு அதே விஷயத்தை மறுபடியும் எழுதுறதை, வியாசர்பாடி பக்கம் பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்குறதால நான் நேர்ல பாக்குறேன், பாக்கும்போது மனசு ஆறவே மாட்டேங்குது. ஸ்கூல்ல கண்டுபிடிச்சாச்சு, எழும்பூர் அரசு குழந்தைங்க ஆஸ்பத்திரியில வைத்தியமும் இருக்கு, அதுவும் இலவசமா இருக்கு, நடுவுல பிள்ளையைக் கூட்டிட்டுப் போற அந்த ஒரு வேலை மட்டும்தான் நம்ம கையில இருக்கு. அதை எப்படிப் பண்றதுன்னு ஒண்ணொண்ணா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

இது என்ன செக்கப், யாருக்கெல்லாம்

ஆர்பிஎஸ்கேன்னு சொல்வாங்க, ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம், 2013ல ஆரம்பிச்ச மத்திய அரசுத் திட்டம், நம்ம ஊர்ல மாநில சுகாதாரத்துறை நடத்துது. பிறந்த குழந்தையில இருந்து 18 வயசு வரைக்கும். அங்கன்வாடின்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஸ்கூல்னா ஒரு தடவை. பாக்குறது நாலு வகை: பிறவியிலயே இருக்குற குறை, சத்துக் குறைபாடு, குழந்தைங்களுக்கு வர்ற வியாதி, வளர்ச்சியில தாமதம். பிரைவேட் ஸ்கூல் பிள்ளைங்க இதுல வரமாட்டாங்க, ஆனா பிள்ளைக்கு ஏதோ சரியில்லன்னு தோணினா நீங்களே நேரா பக்கத்துல இருக்குற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ எழும்பூருக்கோ போகலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

முதல் வேலை: டீம் வர்றதுக்கு முன்னாடி

எந்த தேதின்னு கிளாஸ் மிஸ்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க, அன்னைக்கு லீவு போடாதீங்க, லீவு போட்ட பிள்ளை அந்த வருஷம் விட்டுப்போச்சுன்னே வச்சுக்கோங்க. அதைவிட முக்கியம், ஒரு பேப்பர்ல நீங்க வீட்டுல கவனிச்ச விஷயத்தை எழுதி பிள்ளைகிட்ட குடுத்து விடுங்க. டாக்டர் ஒரு கிளாஸையே உக்காந்து பாக்கணும், ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிறது சில நிமிஷம்தான். "ராத்திரி வாயால மூச்சு விடுறான், குறட்டை விடுறான்", "மாடிப்படி ஏறினா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடறா", "காதுல அடிக்கடி சீழ் வருது", "ஒரு தடவை ஃபிட்ஸ் வந்துச்சு" இப்படி ரெண்டு வரி போதும், டாக்டர் எங்க கூடுதலா பாக்கணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும். தடுப்பூசி அட்டையையும் பாத்து வைங்க. 5லருந்து 6 வயசுல டிபிடி பூஸ்டர், 10 வயசுலயும் 16 வயசுலயும் டிடி ஊசி, இந்த மூணுதான் அதிகமா விட்டுப்போறது, ஏன்னா ஒன்றரை வயசு ஊசி போட்டதோட முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிறோம். சுகாதார நிலையத்துல புதன்கிழமை தடுப்பூசி நாள்.

செக்கப் அன்னைக்கு நடக்குறது

உயரம், எடை எடுப்பாங்க. கீழ் இமையை இழுத்து உள்பக்கம் சிவப்பா இருக்கா வெளுத்திருக்கான்னு பாப்பாங்க, உள்ளங்கை, நாக்கு பாப்பாங்க. பல்லு, தொண்டை, காது, தோல். ஸ்டெத் வச்சு நெஞ்சு கேப்பாங்க.

கண் பரிசோதனையைப் பத்தி மட்டும் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இதுலதான் நிறைய பிள்ளைங்க தப்பிச்சுப் போறாங்க. 6 மீட்டர் தூரத்துல சார்ட்டை மாட்டி ஒரு கண்ணை மூடி படிக்கச் சொல்வாங்க. வரிசையில நிக்குற பிள்ளைங்க முன்னாடி இருக்குறவன் சொல்றதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிடறாங்க, தன் முறை வரும்போது கடகடன்னு ஒப்பிக்கிறாங்க, படிக்க முடியலன்னா மிஸ் திட்டுவாங்கன்னு பயம் வேற. இன்னும் சில பேர் விரலிடுக்கு வழியா மூடுன கண்ணாலயே பாப்பாங்க. அதனால வீட்டுல நீங்களே கவனிங்க: டிவிக்குப் பக்கத்துல போய் உக்காருறது, போர்டுல இருக்குறதை எழுதாம பக்கத்துல இருக்குறவன் நோட்டைப் பாத்து எழுதுறது, கண்ணைச் சுருக்கிப் பாக்குறது, படிச்சா தலைவலின்னு சொல்றது. இதுல எது இருந்தாலும் ஸ்கூல்ல "நார்மல்"னு எழுதியிருந்தாகூட ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. போர்டு தெரியாத பிள்ளையை மக்குன்னு ஒதுக்கி கடைசி பெஞ்சுல போடுறது இன்னைக்கும் நடக்குது, ஒரு கண்ணாடி போட்டா முடிஞ்சுபோற விஷயத்துக்கு ஒரு பிள்ளையோட படிப்பே போறது கொடுமை.

சீட்டு வந்தாச்சு, எங்க போறது

சீட்டை முதல்ல போன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ரெண்டு பக்கமும். அதுல என்ன எழுதியிருக்குன்னு புரியலன்னா மிஸ்கிட்டயோ ஏரியா நர்ஸ்கிட்டயோ கேளுங்க, கூச்சப்படாதீங்க. எல்லாத்துக்கும் எழும்பூருக்கு ஓட வேண்டியதில்லை.

ரத்தசோகை, சொறி சிரங்கு, பூச்சி, சளி மாதிரி விஷயத்துக்கு உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும். ரத்தசோகைன்னு சொன்னா ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுக்கச் சொல்லி நம்பரைக் குறிச்சு வைங்க. 5லருந்து 11 வயசுக்கு 11.5க்குக் கீழ, 12லருந்து 14 வயசுக்கு 12க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு தடவை குடுக்குற இரும்புச்சத்து மாத்திரை (சின்னப் பிள்ளைங்களுக்கு பிங்க், பத்து வயசுக்கு மேல நீலம்) வராம தடுக்கத்தான், ஏற்கனவே ரத்தசோகை இருந்தா டாக்டர் தினமும் சாப்பிட வேற டோஸ் தருவார். சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க, கூடவே எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ நல்லது, டீ காபி கூட வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது. மலம் கறுப்பா போகும், அதைப் பாத்துப் பயந்து நிறைய அம்மாக்கள் நிறுத்திடறாங்க, அது மருந்தோட நிறம்தான். பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் ஸ்கூல்ல குடுக்குற பூச்சி மாத்திரையையும் விடாதீங்க, குடல்ல கொக்கிப்புழு இருக்குற வரைக்கும் எவ்வளவு கீரை குடுத்தாலும் ரத்தம் ஏறாது.

சொறின்னா ஒரு விஷயம், வீட்டுல இருக்குற எல்லாரும் ஒரே நாள் ராத்திரி மருந்து தடவணும், அன்னைக்கே துணி, பெட்ஷீட் எல்லாம் வெந்நீர்ல துவைச்சு வெயில்ல போடணும். பிள்ளைக்கு மட்டும் தடவினா பத்து நாள்ல திரும்ப வந்துடும்.

கண்ணுக்கு எழும்பூர்லயே அரசு கண் மருத்துவமனை இருக்கு, 1819ல ஆரம்பிச்சது, குழந்தைங்க ஆஸ்பத்திரியில இருந்து ரொம்ப தூரமில்லை. பல்லுக்கு சென்ட்ரல் எதிர்ல இருக்குற ஜி.ஹெச். பக்கத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி. வட சென்னைக்காரங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம், அங்கயும் குழந்தைங்க பிரிவு இருக்கு.

இதயம், பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம், பேச்சு, காது கேக்காதது, அடிக்கடி ஃபிட்ஸ், இதுக்கெல்லாம் நேரா எழும்பூர்.

சீட்டுல "மர்மர்"னு எழுதியிருந்தா ஒண்ணு சொல்றேன். ஸ்டெத்ல இதயத்துல ஒரு கூடுதல் சத்தம் கேக்குதுன்னு அர்த்தம், பல பிள்ளைங்களுக்கு அது ஒண்ணுமில்லாத சத்தமாத்தான் இருக்கும், சில பேருக்கு இதயத்துல ஓட்டை இருக்கலாம். எக்கோ எடுத்தாதான் தெரியும், வலியே கிடையாது, ஸ்கேன் மாதிரி ஜெல் தடவிப் பாப்பாங்க. "நல்லா ஓடி ஆடுறான், அவனுக்கென்ன"ன்னு விட்டுடாதீங்க. ஓட்டை பெருசா இருந்து பல வருஷம் விட்டுட்டா நுரையீரல்ல அழுத்தம் ஏறி அப்புறம் ஆபரேஷனே பண்ண முடியாத நிலைமைக்குப் போயிடும், நேரத்தோட பாத்தா பெரும்பாலானது சரியாகிற விஷயம்.

பேச்சு, வளர்ச்சி: இதுல மட்டும் காத்திருக்காதீங்க

டிஇஐசின்னு ஒண்ணு இருக்கு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், சென்னையில எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரியிலயே இருக்கு. குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது டெஸ்ட், சைக்காலஜிஸ்ட் எல்லாரையும் ஒரே இடத்துல பாக்கலாம்ங்கறதுதான் இதோட பலம். ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேத்து பேசலன்னா ("அம்மா தா", "பால் வேணும்" மாதிரி), பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலன்னா, கண்ணைப் பாக்கலன்னா, ஒன்றரை வயசாகியும் நடக்கலன்னா உடனே போங்க. "ஆம்பளப் பிள்ளை லேட்டாதான் பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான்"னு வீட்டுல பாட்டி சொல்வாங்க, அவங்க பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா பிள்ளைக்குக் காதே கேக்கலன்னா அந்தக் காத்திருப்புல போறது மூளை மொழியைப் பழகுற வயசு. பிறவியிலயே காது கேக்காத பிள்ளைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (காதுக்குள்ள கேக்குற கருவி வைக்கிற ஆபரேஷன்) அரசு காப்பீட்டுல இலவசமா பண்றாங்க, ஆனா 6 வயசுக்குள்ள வரணும், அதுலயும் சீக்கிரம் பண்ண பண்ணத்தான் பேச்சு நல்லா வரும். 7 வயசுல தூக்கிட்டு வந்து அழுற அம்மாக்கிட்ட சொல்றதுக்கு யாருகிட்டயும் பதில் இருக்காது.

எழும்பூர்ல முதல் நாள்

பேர் குழந்தைகள் நல மருத்துவமனை, ஹால்ஸ் ரோட்டுல இருக்கு, சென்னை மருத்துவக் கல்லூரியோட சேந்தது. எழும்பூர் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கினா கிட்டதான், சாதாரண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. வெளி மாவட்டம், ஆந்திரா பார்டர்ல இருந்தெல்லாம் வருவாங்க, கூட்டம் இருக்கும், மனசைத் தயார் பண்ணிட்டுப் போங்க. காலையிலேயே போயிடுங்க, மத்தியானத்துக்கு மேல ஓபி முடிஞ்சு எமர்ஜென்சி மட்டும்தான், எமர்ஜென்சி 24 மணி நேரமும் உண்டு.

கையில எடுத்துட்டுப் போக வேண்டியது: ரெஃபரல் சீட்டு, தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டு எல்லாம், ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை இருந்தா அது, எல்லாத்துக்கும் ஒரு செட் ஜெராக்ஸ். சாப்பாடு, தண்ணி, மாத்து டிரஸ். இப்ப குடுத்துட்டிருக்குற சிரப்பு பாட்டிலையே எடுத்துட்டுப் போங்க, "வெள்ளை கலர் மருந்து டாக்டர்"னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

முதல்ல ஓபி சீட்டு போடுற கவுண்டர். ரெஃபரல் சீட்டைக் காட்டி ஆர்பிஎஸ்கேல அனுப்பினாங்கன்னு சொல்லுங்க, எந்த ரூம்னு சொல்லுவாங்க. டாக்டர்கிட்ட போனதும் முதல்ல ஒரே வரியில எதுக்கு வந்தோம்னு சொல்லுங்க, எத்தனை நாளா, எப்ப அதிகமாகுது, என்ன மருந்து குடுத்தோம், அந்த வரிசையில. நாட்டு மருந்து குடுத்திருந்தாலும் மறைக்காம சொல்லுங்க, திட்டினா திட்டிட்டுப் போகட்டும். வெளிய வர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டே ஆகணும்: என்ன பிரச்சனை, இந்த மருந்து எத்தனை நாள், அடுத்து எப்ப வரணும். டாக்டர் அவசரத்துல இருந்தா வெளிய இருக்குற சிஸ்டர்கிட்ட கேட்டு சீட்டுலயே எழுதி வாங்குங்க. டெஸ்ட், ஸ்கேன், மருந்து எல்லாம் அங்கயே, யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, 104க்கு போன் பண்ணி புகார் சொல்லலாம். உடம்பு விஷயமா சந்தேகம் கேக்கவும் அதே 104தான்.

அட்மிஷன், ஆபரேஷன்னா காப்பீடு

அட்மிட் பண்ணச் சொன்னா அரசு ஆஸ்பத்திரியில காப்பீட்டு அட்டை இல்லன்னாலும் வைத்தியம் நிக்காது, அதை முதல்ல மனசுல வச்சுக்கோங்க. ஆனா பெரிய ஆபரேஷன், அதுவும் பட்டியல்ல இருக்குற பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு மாத்தினா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேணும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வச்சு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற கவுண்டர்ல பதியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993.

இதுல எல்லாரும் மாட்டுற ஒரு இடம் இருக்கு: பிள்ளை பேர் ரேஷன் கார்டுல இருக்கணும். பிறந்து மூணு வருஷமாகியும் பேர் சேக்காம விட்டிருப்பாங்க, அவசரத்துல ஆஸ்பத்திரியில உக்காந்துகிட்டு அப்பா ஒரு பக்கம் இ-சேவைக்கு ஓட, அம்மா ஒரு பக்கம் தனியா வார்டுல தவிக்க, அந்த அலைச்சல் பாக்கவே முடியாது. இன்னைக்கே கார்டை எடுத்துப் பாருங்க, இல்லன்னா பிறப்புச் சான்றிதழ் வச்சு பேரைச் சேத்துடுங்க.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி வாங்காம கிளம்பாதீங்க. நோயோட பேர், குடுத்த மருந்து, அடுத்த தேதி எல்லாம் அதுலதான். லேமினேட் பண்ண வேண்டாம், அப்புறம் டாக்டர் அதுல எதையும் எழுத முடியாது, ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

சீட்டுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாத நேரம்

மூணு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல காய்ச்சல்னா வீட்டுல எதுவும் பண்ணாம ஆஸ்பத்திரி. மூச்சு வாங்குறது, நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குறது, உதடு நீலமாகுறது, பால் குடிக்காம துவண்டு கிடக்குறது, எல்லாத்துக்கும் 108.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் குடுக்கும்போது வயசைப் பாக்காதீங்க, எடையைப் பாருங்க. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல கூடாது. 12 கிலோ பிள்ளைன்னா 180 மில்லிகிராம். இப்ப பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிங்க: 5 மில்லியில 125னு போட்டிருந்தா 7 மில்லி, 5 மில்லியில 250னு போட்டிருந்தா மூணரை மில்லிதான். கைக்குழந்தைக்குத் தர்ற டிராப்ஸ்ல ஒரு மில்லியிலயே 100 இருக்கும், சிரப்புன்னு நினைச்சு அதை 7 மில்லி ஊத்தினா 700 போயிடும், ஈரலுக்கு ஆபத்து. எடை தெரியலன்னா ஸ்கூல் செக்கப் அட்டையிலயே இருக்கு பாருங்க.

மழைக்காலத்துல டெங்குன்னா காய்ச்சல் விட்ட அப்புறம்தான் ஆபத்து ஆரம்பிக்கும். காய்ச்சல் இறங்கின ஒண்ணு ரெண்டு நாள்ல வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் ஜில்லுன்னு ஆகி சோர்ந்து போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பிடுங்க. ஐபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

இருமல் சிரப்பு மெடிக்கல் ஷாப்ல சொந்தமா கேட்டு வாங்குறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. 2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல சின்னச் சின்னப் பிள்ளைங்க கிட்னி செயலிழந்து செத்தாங்களே, அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல, அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷம் இருந்துச்சு. ரெண்டு வயசுக்குள்ள இருமல் சளி மருந்து குடுக்கவே கூடாதுன்னு மத்திய சுகாதாரத்துறையே சொல்லியிருக்கு, அஞ்சு வயசு வரைக்கும் பொதுவா தேவையில்லை.

ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் வைக்காதீங்க, கையில சாவிக்கொத்து குடுக்காதீங்க, மணியைப் பாருங்க, அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா 108. வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணு ஒரு லிட்டர் தண்ணியில, அரை பாக்கெட் அரை டம்ளர்னு கலக்கக் கூடாது, கூட ஜிங்க் 14 நாள், போக்கு நின்னாலும் முழுசா. மண்ணெண்ணெயோ பாத்ரூம் ஆசிடோ குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, பாட்டிலோட தூக்கிட்டுப் போங்க. தீக்காயத்துக்கு குழாய்த் தண்ணியை 20 நிமிஷம் ஓட விடுங்க, பேஸ்ட், மை எதுவும் பூசாதீங்க. நாய் கடிச்சா சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி, பக்கத்து சுகாதார நிலையத்துலயே போடுவாங்க, ரத்தம் வந்த கடின்னா இம்யூனோகுளோபுலினும் (காயத்தைச் சுத்திப் போடுற தனி ஊசி) வேணும்னு கேளுங்க, மீதி ஊசித் தேதியை விடாதீங்க.

திரும்ப ஸ்கூலுக்கு

ஆஸ்பத்திரி போயிட்டு வந்த அப்புறம் கிளாஸ் மிஸ்கிட்ட ஒரு ஜெராக்ஸ் குடுங்க. கண்ணாடி போட்டிருக்கான், கழட்டி வச்சா சொல்லுங்க, ஆஸ்துமா இன்ஹேலர் பையில இருக்கு, ஃபிட்ஸ் மருந்து சாப்பிடுறா, ஒரு காது கேக்காது அதனால முன்னாடி உக்கார வைங்க, இப்படி என்ன தேவையோ சொல்லிடுங்க. கண்ணாடி பவர் வருஷா வருஷம் மாறும், அதையும் மறுபடி செக் பண்ணணும்.

இன்னொண்ணு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாங்க. கட்டடம், கழிவறை பத்திப் பேசுற அதே கூட்டத்துல இதையும் கேளுங்க: போன செக்கப்புல எத்தனை பிள்ளைங்களுக்கு சீட்டு குடுத்தாங்க, அதுல எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, போகாத பிள்ளைங்க வீட்டுக்கு யார் போய்ச் சொல்றது. கூலி வேலையை விட்டுட்டு வர முடியாத அம்மா இருந்தா, அடுத்த வாரம் எழும்பூர் போற இன்னொரு அம்மா கூட சேத்து அனுப்பலாம், எங்க ஏரியாவுல அப்படித்தான் ரெண்டு ரெண்டு பேரா போயிட்டு வர்றாங்க.